காவலாளிக்கு வேண்டுவது யாது?

ஜவ்வாது மலையில் காவலூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரை வானியலார் நன்கு அறிவர். 1986-ஆம் ஆண்டு முதல் வைணு பாப்பு வான் ஆய்வகம் என்று வழங்கப்படும் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி, வானம் தெளிந்த இரவுகளில் அங்கிருந்து விண்ணை நோக்குகிறது. 1988-இல் காவலூரிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே மலையில் வேறொரு காவலும் உண்டு. சாமைக் கதிர் முற்றும் பருவத்தில், கொல்லையின் நடுவே கட்டிய பரண்மேல் ஒருவர் அமர்ந்திருப்பார். காட்டுப்பன்றி வேலியை முட்டும் ஓசைக்குக் காது கொடுத்தபடி இரவைக் கழிப்பார். ஓசை எழுந்தால் தகரத்தைத் தட்டுவார், குரல் கொடுப்பார். விண்ணைக் காப்பவரும் மண்ணைக் காப்பவரும் ஒரே இருளில் விழித்திருக்கின்றனர். இருவரிடமும் வேண்டப்படுவது ஒன்றே: உறங்காத கவனம்.

இம்மலையின் அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை காத்தும் மீட்டும் உயிர் நீத்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் அவை. அவற்றுள் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல் ஒன்று தனிச்சிறப்புடையது. வீரனுடைய உருவத்தோடு அவனது நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு கூறுகிறது. நம் முன்னோர் காவலைப் போற்றியபோது எதைப் போற்றினர் என்பதை அக்கல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. விட்டு ஓடாத உண்மையைப் போற்றினர். அவ்வுண்மை ஒரு நாயிடம் காணப்பட்டபோதும் அதன் பெயரைக் கல்லில் எழுதி வைத்தனர்.

இன்று காவல் என்பது ஒரு தொழில். அத்தொழிலுக்குச் சட்டம் உண்டு. கட்டாயப் பயிற்சி உண்டு. உடலுக்கு அளவுகோலும் உண்டு. அந்த அளவுகோல் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, எந்த நியாயத்தால் அப்படிச் செய்கிறது என்பதைச் சற்று அமைதியாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையிறங்கும் ஒருவர்

ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், முப்பத்தைந்து வயதுடைய ஒருவர் இருப்பதாக எண்ணிப் பார்ப்போம். மழலைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதம் அவரது இடக்காலைச் சூம்பச் செய்துவிட்டது. ஊன்றுகோல் ஊன்றி நடக்கிறார். சாமைக் கொல்லைக்குக் காவல் இருந்து பழகியவர். எந்த ஓசை காற்றினால் எழுவது, எந்த ஓசை விலங்கினால் எழுவது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மழை பொய்த்த ஆண்டில் மற்றவர்கள் கூலிவேலை தேடி மலையிறங்கும்போது, சுமை தூக்கும் வேலையும் கட்டட வேலையும் இவருக்கு இயலாதவை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் கண்காணிப்புக் கேமராத் திரைகளுக்கு முன் அமர்ந்து இரவு முழுவதும் கவனிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்படுகிறார். இது தமக்கென்றே அமைந்த வேலை என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆயுள் முழுவதும் அவர் செய்து வந்தது அதைத்தானே!

அவர் விண்ணப்பிக்கும்போதுதான் சட்டம் எதிரே வந்து நிற்கிறது.

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முறையான பயிற்சியும் பின்னணிச் சோதனையும் இன்றி எவரையும் சீருடை அணிவித்து வாயிலில் நிறுத்தும் வழக்கத்திற்கு முடிவு கட்டுவதே அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆயுதத்துடனோ ஆயுதமின்றியோ ஒருவரையோ ஒரு சொத்தையோ காப்பவர் எவரும், மேற்பார்வையாளர் உட்பட, இச்சட்டத்தின் கண்ணில் 'பாதுகாவலர்' ஆவார். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்திருக்கக் கூடாது. விதிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும். விதிக்கப்பட்ட உடல் தகுதியும் வேண்டும். இவற்றை மீறும் முகமைக்கு 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம், உரிமமும் பறிக்கப்படலாம்.

2006-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் அப்பயிற்சியின் அளவை வரையறுத்தன. வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். இவை குறைந்தது 20 வேலைநாள்களில் நிகழ வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்தல், அடையாள அட்டைகளைச் சரிபார்த்தல், வெடிபொருளை இனங்காணல், எச்சரிக்கைக் கருவிகளைக் கையாளல், முதல் தகவல் அறிக்கை பதியும் முறை, தற்காப்புரிமை ஆகியவை பாடங்கள். ஒரு காவலாளி அறிந்திருக்க வேண்டியவைதாம் இவை. நம் மலைவாசி அன்பர் இவற்றுள் பெரும்பாலானவற்றை ஆர்வத்தோடு கற்பார்.

ஆனால் அதே விதிகள் உடல் தகுதியையும் வரையறுத்தன. ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 150. ஆணின் மார்பு 80 சென்டிமீட்டர். மூச்சை இழுத்தால் மேலும் 4 சென்டிமீட்டர் விரிய வேண்டும். நிறக்குருடு கூடாது. தட்டைப் பாதம் கூடாது. முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. செவியில் குறை கூடாது. சோதனை செய்யவும், பொருள்களைக் கையாளவும், தேவையானால் வலிமையைப் பயன்படுத்தி ஒருவரை அடக்கவும் கைத்திறனும் உடல்வலுவும் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஆறு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும்.

திரையின் முன் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம்! நம் அன்பரின் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அவரது கவனத்தையோ நேர்மையையோ அறிவையோ எவரும் சோதிக்கவில்லை. சோதிக்கப்பட்டது அவரது இடக்கால் மட்டுமே.

எதிர்த்தரப்பின் நியாயம்

விதியை வகுத்தோரை இதயமற்றவர்கள் என்று தூற்றிவிட்டு நகர்ந்துவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. காவல் என்பது பிறர் உயிரோடு தொடர்புடைய பணி. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்ததை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. தீப்பற்றிய கட்டடத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு இருக்குமானால், அப்பொறுப்பைச் சுமக்க வல்லவர் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். அபாய மணி ஒலித்தால் அதை எவ்வழியிலேனும் உடனே உணர்பவர் வேண்டும். இவற்றில் விட்டுக்கொடுத்தல் கருணையாகாது. பிறர் உயிரைப் பணயம் வைத்து ஒருவருக்குக் காட்டும் இரக்கத்தை அந்த ஒருவரே விரும்ப மாட்டார்.

ஆகவே, விதியே கூடாது என்று நாம் வாதிடவில்லை. ஒவ்வொரு விதியையும் நோக்கி 'நீ எதற்காக?' என்று வினவும் உரிமை நமக்கு உண்டு என்பதே நம் வாதம். விதி காக்க வரும் நன்மை ஒன்று இருக்கும். அந்நன்மைக்கு அவ்விதி உண்மையாகவே தேவைதானா? அதே நன்மையை வேறு வழியில் அடைய இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை சொல்ல இயலாத விதி, ஒழுங்கு என்ற போர்வை போர்த்திய பழக்கமே.

விதி தானே தரும் சான்றுகள்

இவ்வாறு வினவுவது விதிக்குப் புறம்பானதன்று. விதியே ஆங்காங்கே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

கண்ணை எடுத்துக்கொள்வோம். பார்வை கூர்மையாக இருக்க வேண்டும் என்று கூறிய அதே மாதிரி விதிகள், கண்ணாடி அணிந்து பெறும் பார்வையையும் ஏற்றுக்கொண்டன. கண்ணாடி அணிந்தவரை நாம் எவரும் ஊனமுற்றவர் என்று எண்ணுவதில்லை. மூக்கின்மீது அமர்ந்திருக்கும் அந்தக் கருவி நமக்குப் பழகிவிட்டது. செவிக்கோ, குறையற்றிருத்தல் வேண்டும் என்பதே விதியின் சொல். கண்ணுக்கு இசைந்த நியாயம் காதுக்கு இசையாமற்போனது ஏன்? காதுக் கருவி அணிந்து பேச்சையும் மணியோசையையும் நன்கு கேட்கும் ஒருவரிடம் குறையாக எஞ்சியிருப்பது எது? நம் கண்ணுக்குப் பழகாமை ஒன்றே என்று தோன்றுகிறது.

அடுத்துப் பயிற்சியின் கால அளவைப் பார்ப்போம். முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் 160 மணி நேரப் பயிற்சி வேண்டியதில்லை. வகுப்பில் 40 மணியும் களத்தில் 16 மணியும், குறைந்தது 7 வேலைநாள்களில், போதும் என்று அவ்விதிகள் கூறின. ஏன்? அவர்கள் கொண்டுவரும் அனுபவத்தை விதி மதித்தது. வருபவர் யார் என்று பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே அச்சு என்பது அங்கே கைவிடப்பட்டது. அனுபவத்திற்காக வளைந்த விதி உடலுக்காக வளைய மறுப்பது முறையா? எல்லையில் நாட்டைக் காத்துக் கண்ணிவெடியில் பாதம் இழந்த வீரர், ஊருக்குத் திரும்பியபின் ஒரு பள்ளியின் வாயிலைக் காக்கத் தகுதியற்றவராகிவிடுகிறாரா?

பிரித்தானிய நாட்டின் முறையையும் ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காவல் தொழில் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனி உரிமங்கள் வழங்கப்படுகின்றன. மதுக்கூடம், கேளிக்கை மன்றம் போன்றவற்றின் வாயிலில் நிற்பவர் கலகம் செய்பவரைத் தடுத்து அடக்கும் உடற்பயிற்சியைக் கற்க வேண்டும். பொதுவிடத்துக் கேமராக்களைக் கண்காணிப்பவருக்கு உரிமமும் வேறு, பாடமும் வேறு. அந்நாட்டு முறையில் குறைகள் இல்லை என்று கூறவில்லை. ஆனால் வேலைகள் பலவாக இருக்க, உடலின் அளவுகோல் ஒன்றாக இருப்பது பொருந்தாது என்ற எளிய உண்மை அங்கே உணரப்பட்டிருக்கிறது. நம் சட்டமோ திரையைப் பார்ப்பவரையும், வருகைப் பதிவேட்டை எழுதுபவரையும், பணவண்டியோடு செல்பவரையும் 'பாதுகாவலர்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. ஒரே சொல் ஒரே ஓட்டப்பந்தயமாக மாறிவிட்டது.

இரட்டை வாழ்க்கை

இனி நம் மனச்சான்றைச் சற்று உறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நம் தெருமுனை ஏ.டி.எம். வாயிலில் அமர்ந்திருக்கும் முதியவரை நினைத்துப் பாருங்கள். தொளதொளத்த நீலச் சட்டை, நரைத்த மீசை, கூனிய முதுகு. பகலில் வேறெங்கோ ஒரு வேலை, இரவில் இது. பன்னிரண்டு மணி நேரம் தொடரும் பணி. அவர் ஆறு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுவார் என்று எவரேனும் எதிர்பார்க்கிறோமா? அவருக்கு மார்பளவு எடுத்தது யார்? 160 மணி நேரப் பயிற்சியை அவருக்கு அளித்தது யார்? குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது அவ்விதி கண்ணை மூடிக்கொள்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் முறையாக விண்ணப்பித்து, முறையான ஊதியம் கேட்டு வரும்போது அதே விதி விழித்துக்கொள்கிறது.

முதியவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். அவர் பிழைக்கட்டும், நல்ல ஊதியமும் ஓய்வும் பெறட்டும். நாம் காண வேண்டியது இதுவே: ஓட்டமும் மார்பளவும் இன்றியே ஆயிரமாயிரம் வாயில்கள் காக்கப்பட்டு வருகின்றன. எனவே அவை காவலின் உயிர்நாடி என்ற வாதத்தை நம் அன்றாட வாழ்வே மறுக்கிறது. இலாபத்திற்காகத் தளர்த்தப்படும் விதியை நீதிக்காகத் தளர்த்த மறுப்பது எவ்வகை ஒழுங்கு?

பயிற்சிக்கூடத்தின் படிகள்

உடல் தகுதி விதி நாளையே திருத்தப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். அப்போதும் நம் மலைவாசி அன்பருக்குக் கதவு திறந்துவிடாது. கட்டாயப் பயிற்சி என்ற இரண்டாம் கதவு இருக்கிறது.

பயிற்சிக்கூடங்கள் பெரும்பாலும் நகரங்களில் அமைந்தவை. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பேருந்தில் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வந்து, அங்கிருந்து மேலும் பயணம் செய்ய வேண்டும். இருபது நாள்கள் தங்க இடம் வேண்டும். அந்நாள்களின் கூலி இழப்பைத் தாங்க வேண்டும். பயிற்சி இரண்டாம் மாடியில் நடக்குமானால் ஊன்றுகோல்காரருக்கு ஒவ்வொரு காலையும் ஒரு மலையேற்றம். பாடம் வாய்மொழியாக மட்டும் நடக்குமானால் செவித்திறன் குறைந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார். ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, நல்ல ஆசிரியர் இல்லாத மலைப்பள்ளியில் படித்தவருக்கு மற்றுமொரு படி.

இவற்றைச் சீராக்கப் பெருஞ்செல்வம் வேண்டுமா? வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றுதல், சாய்தளம் ஒன்று அமைத்தல், பாடக்குறிப்புகளை எளிய தமிழில் எழுதித் தருதல், சைகைமொழி அறிந்தவர் ஒருவரை அமர்த்துதல், தேர்வுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தருதல், அபாய மணியோடு ஒளிரும் விளக்கையும் பொருத்துதல் — இவையே பெரும்பாலும் வேண்டியவை. தீயணைக்கும் கருவியை நாற்காலியில் இருந்தவாறே இயக்க இயலுமா என்று ஒரு முறை செய்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். முதலுதவியில் மார்பை அழுத்தும் செயலைத் தம்மால் செய்ய இயலாதவர், அருகிலிருப்பவருக்குத் தெளிவாகச் சொல்லிச் செய்விக்கக் கற்றுக்கொள்ளலாம்; அழைக்க வேண்டிய எண்ணையும் செய்ய வேண்டிய வரிசையையும் அறிந்தவர் அவர்.

இத்தகைய மாற்றங்கள் மாற்றுத்திறனாளிக்கு மட்டும் பயன் தருவன அல்ல. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோருக்கு அமர இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களின் வீங்கிய கால்களே அச்சட்டத்தைக் கொணர்ந்தன எனலாம். ஒரு நாற்காலி எவ்வளவு பெரிய நீதியாக இருக்கக்கூடும் என்பதை நாம் அப்போது உணர்ந்தோம். அபாய விளக்கும் அவ்வாறே. காது கேளாத காவலாளிக்காகப் பொருத்திய விளக்கு, காது கேளாத நோயாளியையும் நெருப்பிலிருந்து காக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழகத்தில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுக்கொண்டது. முறையான நோக்கம் ஒன்றை அடைய அளவோடு கையாளும் வழி என்று காட்டினாலன்றி, இயலாமையின் காரணமாக எவரையும் ஒதுக்கலாகாது என்று கூறியது. பிறரோடு சமமாக ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான, அளவுக்கு மீறிய சுமையாகாத மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்றது. தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளிக்குமாறு அரசுக்குக் கடமை விதித்தது.

உச்ச நீதிமன்றமும் இவ்வழியில் பேசியிருக்கிறது. தேர்வெழுத உதவியாளர் கோரிய ஒருவரின் வழக்கில், தேவையான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று 2021-இல் தீர்ப்பளித்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கோரிய மாணவரின் வழக்கில், இயலாமையின் விழுக்காட்டை மட்டும் வைத்துத் தகுதியை மறுக்கலாகாது. அப்படிப்பை அவரால் தொடர இயலுமா என்று ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், அணுகல் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக நில்லாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றது.

மருத்துவராகப் பயிலும் மாணவரிடம் 'உம்மால் எது இயலும்?' என்று வினவ வேண்டுமெனில், வாயிற்காவலராகப் பயில வருபவரிடம் அவ்வினாவை மறுப்பது எப்படித் தகும்? ஒரு சட்டம் உடலை அளந்து விலக்குகிறது. மற்றொரு சட்டம் மனிதரை அறிந்து சேர்க்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் இசைவித்துக் காவல் பயிற்சியின் விதிகளை வேலைவாரியாக வகுப்பது ஆள்வோரின் கடமை. அதைக் கேட்பது நம் கடமை.

இரக்கமா, நீதியா?

மாற்றுத்திறனாளியைக் கண்டால் நம் கை சட்டைப்பைக்குச் செல்கிறது. உதவித்தொகை, அன்னதானம், விழாநாளில் சக்கர நாற்காலி வழங்குதல் ஆகியவற்றில் நாம் குறைவைப்பதில்லை. இவை வேண்டாம் என்பதில்லை. ஆனால் வேலை கேட்டு வருபவரிடம் காசு கொடுத்து அனுப்பும்போது நாம் அவருக்குச் சொல்லாமற் சொல்வது ஒன்றுண்டு: 'நாங்கள் உம்மைக் காப்போம்; நீர் எங்களைக் காக்க வேண்டியதில்லை.' கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவும் நின்றுவிடுகிற உறவில் மாண்பு வாடிவிடுகிறது. காவல் பணி இங்கேதான் தனிப்பொருள் பெறுகிறது. ஒருவரிடம் வீட்டுத் திறவுகோலையும் குழந்தைகள் துயிலும் இரவையும் ஒப்படைப்பதைவிடப் பெரிய மதிப்பு ஏது?

1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோருக்கான உலக ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றிய 'லாபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதன் 22-ஆம் பகுதி முழுவதும் ஊனமுற்றோரின் உழைப்புரிமை பற்றியதே. முழுத்திறன் உடையோரை மட்டுமே உழைப்பில் சேர்க்கும் சமூகம், வலியோர் மெலியோரை ஒதுக்கும் கொடுமையைச் செய்வதாகும் என்னும் கருத்தை அவர் அங்கே வற்புறுத்தினார். உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் மட்டும் இல்லை, செய்பவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்பது அம்மடலின் அடித்தளம். அளவுநாடாவைக் கையில் பிடித்திருப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய கருத்து இது.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரை நாம் அறிவோம். வாயிலில் கூட்டம், வழியில்லை. அவர்கள் நோயாளியைக் குறை கூறித் திரும்பிச் செல்லவில்லை, கூரையைப் பிரித்தனர். மாற்றப்பட வேண்டியது கட்டடம் என்று கண்டுகொண்ட அந்த நால்வரின் அறிவு நமக்கு வேண்டும்.

பாதுகாப்பு என்னும் சொல்

'பாதுகாப்புக்காகத்தான் இப்படி' என்ற சொல் மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றில் அச்சம் தரும் சொல். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் மாண்டனர். அவர்கள் ஓட இயலாமற்போனதற்குக் காரணம் அவர்களுடைய நோயன்று. காலில் பூட்டியிருந்த சங்கிலி. அச்சங்கிலியும் பாதுகாப்பின் பெயரால் பூட்டப்பட்டதே. யாருடைய பாதுகாப்பு, யாரால் வரையறுக்கப்பட்டது என்று கேளாமல் அச்சொல்லை ஏற்றுக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஏர்வாடி மறக்கலாகாத சான்று. நம் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இருப்போரில் நடக்க இயலாதோர், கேளாதோர், காணாதோர் பலர் உண்டு. அவர்களை எப்படி வெளியேற்றுவது என்பதை அனுபவத்தால் அறிந்த ஒருவர் காவலர் குழுவில் இருப்பது பாதுகாப்பைக் கூட்டுமா, குறைக்குமா?

ஒன்றை மட்டும் மறைக்காமல் கூற வேண்டும். எல்லாக் காவலும் எல்லாருக்கும் இயலாது. கலவரக் கூட்டத்தை உடல்வலிமையால் தடுக்கும் பணிக்கு உடல்வலிமை வேண்டும். ஓட வேண்டிய இடத்தில் ஓடுபவரே நிற்க வேண்டும். அதை மாற்றுத்திறனாளியிடம் மறைக்காமல் சொல்வதும் அவரை மதிப்பதன் ஒரு கூறு. ஆனால் அவ்விடை, அவரையும் அவ்வேலையையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் வர வேண்டும். முகத்தைப் பார்க்குமுன்பே அச்சடித்து வைத்த விடையாக இருத்தலாகாது.

அன்பர்களே, சட்டத்தைத் திருத்துவது ஒருநாள் வேலையன்று. ஆனால் நம் கைக்கு எட்டிய வாயில்கள் உண்டு. நம் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆலய வளாகங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் காவலரை அமர்த்துவோர் நாமே. முகமையோடு ஒப்பந்தம் எழுதும்போது, 'திரையைக் கண்காணிக்கவும் பதிவேடு எழுதவும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பதற்கு நீங்கள் என்ன வழி கண்டீர்கள்? அவர்களுக்கு எங்கே, எப்படிப் பயிற்சி அளிப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். பலர் கேட்டால் முகமைகள் அரசிடம் கேட்கும். பயிற்சிக்குத் தரைத்தளத்தில் ஒரு கூடம் வேண்டுமெனில், வாரநாள்களில் பூட்டிக்கிடக்கும் பங்கு மண்டபங்கள் நம்மிடம் இல்லையா?

இன்றிரவும் ஜவ்வாது மலையில் இருள் இறங்கும். மேகம் இல்லையெனில் காவலூரில் தொலைநோக்கியின் கூடாரம் திறக்கும். அங்கே அமர்ந்து விண்மீனின் ஒளியை அளப்பவரிடம் எவரும் ஒரு கிலோமீட்டர் ஓடிக்காட்டச் சொல்வதில்லை. சாமைக் கொல்லையின் பரண்மேல் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் விழித்திருப்பாரேயானால், அவரை நம்பி ஒரு குடும்பம் கவலையின்றித் துயிலும். அக்குடும்பம் அவர்மேல் வைத்த நம்பிக்கையை நாம் வைக்கத் தயங்குவது ஏன் என்ற கேள்விக்கு நாம்தான் விடை கூற வேண்டும்.